கீழ்வீட்டுக்காரரின் திறாங்கு

ஒன்பது வயதிலேயே எனக்கு ஒரு உத்தியோகம் கிடைத்துவிட்டது. அப்பாவின் மொழிபெயர்ப்பாளர். சம்பளமும் இல்லை, லீவும் இல்லை. டொக்டரிடம், பள்ளிக்கூடத்தில், கவுன்சில் கந்தோரில், காஸ் மீட்டர் பார்க்க வருகிறவனிடம் என்று அப்பா வாய் திறக்க வேண்டிய இடங்களில் எல்லாம் நான்தான் முன்னால் நின்றேன். லண்டனுக்கு வந்து மூன்று வருடமாகியும் அப்பாவின் ஆங்கிலம் ஓகே, தாங்க்யூ, சொறி என்ற மூன்று சொற்களைத் தாண்டவில்லை. அந்த மூன்றையும் வைத்துக்கொண்டு அவர் எப்படி ஒரு பட்டறையில் வேலை பார்த்தார் என்று இப்போது நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது.

நேர்மையான மொழிபெயர்ப்பாளர் என்று என்னைச் சொல்ல முடியாது. நீளமாகச் சொன்னால் சுருக்குவேன். அப்பா எரிச்சலோடு சொன்னதைப் பணிவாக மாற்றுவேன். ஒருமுறை பள்ளிக்கூடத்துக்கு அப்பாவைக் கூப்பிட்டு, உங்கள் மகள் யாரோடும் சேருவதில்லை, இடைவேளையில் மதிலோரம் தனியாக நிற்கிறாள் என்று ஆசிரியை கவலையோடு சொன்னார். வகுப்பில் நான்தான் அமைதியான பிள்ளையாம் என்று அப்பாவுக்குச் சொன்னேன். அப்பா மூன்று முறை தாங்க்யூ சொன்னார். திரும்பி வரும் வழியில் எனக்கு ஒரு சொக்லேட்டும் வாங்கித் தந்தார்.

நாங்கள் இருந்தது பிளேஸ்டோவில், ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் வரிசை வீடுகளில் ஒன்றின் மேல்மாடி. ஓர் அறை, ஒரு சமையல் மூலை, எந்த மாதமும் ஈரம் காயாத ஒரு குளியலறை. ஊரில் வெல்டிங் கடை வைத்திருந்த அப்பா, இங்கே ரயில்பாதைக்குக் கீழே வளைவுக்குள் இருந்த ஒரு பட்டறையில் இரும்புக் கேற்றும் ஜன்னல் கிறில்லும் ஒட்டினார். அவர் வீட்டுக்கு வர ஆறரை ஆகும். நான் மூன்றரைக்குப் பள்ளிக்கூடம் விட்டு, கழுத்தில் கயிற்றில் தொங்கிய சாவியால் வாசல் கதவைத் திறந்து, மேலே ஏறிப்போய் அறைக் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். யார் தட்டினாலும் திறக்கக் கூடாது. அறைக் கதவின் பூட்டு ஒழுங்காக விழாது என்பதால், கதிரையை முட்டுக்கொடுத்து வைக்கச் சொல்லியிருந்தார். என் பாரமும் சேரட்டும் என்று நான் அந்தக் கதிரையிலேயே ஏறி உட்கார்ந்து பாடம் படிப்பேன்.

மூன்று மணித்தியாலம் என்பது பெரியவர்களுக்குச் சின்னக் கணக்கு. எனக்கு அது முடியவே முடியாது. பாடம் படித்து, பாணில் ஜாம் பூசித் தின்று, ஜன்னலில் போகிற வருகிற பஸ்களை எண்ணி, எண்ணியது பிழைத்து, திரும்ப எண்ணி முடித்தாலும் ஐந்து மணிகூட ஆகியிருக்காது. அந்த நேரங்களில் எனக்கு அம்மா மேல்தான் கோபம் வரும்.

அம்மா யாழ்ப்பாணத்தில் இருந்தார். அண்ணாவும் அங்கேதான். அண்ணாவுக்கும் எனக்கும் பதினொரு வயது வித்தியாசம். அவன் என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு கிணற்றைச் சுற்றி ஓடியது ஒன்றுதான் அவனைப் பற்றி எனக்கு நினைவில் இருந்தது, அதுவும் பாதி. அண்ணா படிக்கப் போய்விட்டான், அவன் திரும்பி வரும்போது வீட்டில் ஆள் இருக்க வேண்டும், சமைத்துக் கொடுக்க வேண்டும், அதனால் அம்மா பிறகு வருவார் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். அம்மாவின் கடிதங்களும் அதையே சொல்லின. அவை கொழும்பு வழியாகச் சுற்றி வர மாதக்கணக்கில் ஆகும். இருபது வயதுப் பையனுக்குச் சமைத்துக் கொடுக்க ஆள் வேண்டுமாம். ஒன்பது வயதில் நான் முட்டை பொரித்தேன். அம்மா இரண்டு பிள்ளைகளில் ஒன்றைத் தெரிந்தெடுத்துவிட்டார், அது நான் இல்லை. இதை நான் யாருக்கும் சொல்லவில்லை. சொல்ல யாரும் இருக்கவுமில்லை.

கீழ்வீட்டில் ஒரு வெள்ளைக்காரர் தனியாக இருந்தார். எழுபது வயதிருக்கும். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. நான் அவரை அங்கிள் என்று கூப்பிட்டேன். அந்த வயதுக்காரரை அந்த ஊரில் அப்படி யாரும் கூப்பிடுவதில்லை என்பது எனக்குத் தெரியாது. முதல்முறை கேட்டபோது திரும்பிப் பின்னால் பார்த்தார். பிறகு பழகிவிட்டார்.

அவருக்கும் எனக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. எங்களில் யார் தொடங்கியது என்று நினைவில்லை. நாலு மணிக்கு வீடு கூட்டும் தும்புத்தடியின் கம்பால் தன் வீட்டு முகட்டில் மூன்று தரம் தட்டுவார். அவர் முகடுதான் என் நிலம். வந்துவிட்டாயா என்று அர்த்தம். நான் காலால் இரண்டு தரம் உதைப்பேன். வந்துவிட்டேன் என்று அர்த்தம். ஐந்து மணிக்கு ஒருமுறை, ஆறு மணிக்கு ஒருமுறை. அவ்வளவுதான். சில நாள் அவர் ஐந்து மணித் தட்டலை மறந்து தூங்கிவிடுவார். நான் கதிரையில் இருந்தபடி நிலத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த மூன்று மணித்தியாலத்தில் என்னை ஒருவர் நினைக்கிறார் என்பதற்கு அந்தத் தட்டலைத் தவிர வேறு சாட்சி இல்லை.

அப்படிப்பட்டவர் ஒருநாள் வாசல் நடையில் எங்கள் இருவரையும் மறித்து நின்று, உன் அப்பா வெல்டர்தானே, எனக்கு ஒரு போல்ட்டுக்கு ஹாண்டில் ஒட்டித் தருவாரா என்று கேட்டார். பழைய சாமானாம். சந்தையில் வாங்கும்போதே ஹாண்டில் இல்லையாம். கடைக்காரர்கள் வேறு போல்ட் வாங்கச் சொல்கிறார்களாம், அவருக்கு அதே போல்ட்தான் வேண்டுமாம்.

"என்னவாம், நட்டும் போல்ட்டுமோ?" என்று அப்பா கேட்டார். அந்தச் சொல் மட்டும் அவருக்குப் பிடிபட்டிருந்தது.

நான் சிரித்தேன். எனக்குத் தெரிந்த போல்ட் பள்ளிக்கூடக் கழிப்பறைக் கதவின் உள்பக்கம் இருந்த போல்ட். கதவைச் சாத்தித் தள்ளிவிடும் இரும்புத் தாழ்ப்பாள். எங்கள் பக்கத்தில் அதைத் திறாங்கு என்போம்.

"இல்லையப்பா. கதவுத் திறாங்கு. அதின்ர கைபிடி உடைஞ்சு போச்சாம், ஒட்டித் தரட்டாம்."

அதுக்கென்ன, கொண்டு வரச் சொல்லு என்றார் அப்பா. அவர் முகத்தில் சந்தோசம் தெரிந்தது. இந்த ஊரில் ஒரு மனிதர் அவரிடம் ஒரு உதவி கேட்டது அதுதான் முதல் தடவை.

அடுத்த நாள் மாலை அங்கிள் மாடிப்படி ஏறி வந்தார். ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கிய சத்தம் கேட்டது. கையில் எண்ணெய் ஊறிய துணிப் பொட்டலம். பிரித்து அப்பாவிடம் நீட்டினார். ஒரு சாண் நீளத்துக்கு உருளையான இரும்பு. ஒரு முனையில் பல் உடைந்த ஈறு போல ஒரு மொட்டை. திறாங்கு என்றால் திறாங்கேதான். கொஞ்சம் தடிப்பு, கொஞ்சம் வேலைப்பாடு, அவ்வளவுதான். என் மொழிபெயர்ப்பில் எனக்கே பெருமையாக இருந்தது.

அப்பா அதைக் கையில் வாங்கினார். அவருடைய பெருவிரல் நேராக அந்த மொட்டையில் போய் நின்றது. பிறகு அதை அவசரமாகத் துணிக்குள் வைத்தார். விரல்களைக் காற்சட்டையில் துடைத்தார், ஒருதரம் துடைத்தது போதாமல் திரும்பவும் துடைத்தார்.

"ஏலாது எண்டு சொல்லு."

ஏனப்பா என்று கேட்டேன்.

"ஏலாதெண்டா ஏலாது. எங்கட கேஸ் முடியேல்லை. கொண்டு போகச் சொல்லு."

அகதிக் கேஸ் எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் காரணம். ரோட்டில் சத்தமாகச் சிரிக்கக் கூடாது, கேஸ் முடியவில்லை. பஸ்ஸில் சீட்டுக்கு அடிபடக் கூடாது, கேஸ் முடியவில்லை. ஆனால் ஒரு கதவுத் திறாங்கை ஒட்டுவதற்கும் கேஸுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. அங்கிள் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய கண்ணாடி மூச்சு வாங்கியதில் மங்கியிருந்தது. இதற்கு முடியாது என்று சொன்னால் இனி எதற்கு இந்த மனிதர் முகட்டில் தட்டப் போகிறார் என்று யோசித்தேன். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

அப்பாவுக்கு இப்போது வேலை அதிகம், கொஞ்ச நாள் எடுக்கும், வைத்துவிட்டுப் போங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். ஓகே என்ற சொல் வந்துவிடாமல் கவனமாகச் சொன்னேன், அது அப்பாவுக்குத் தெரியும். அங்கிள் பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்பா குழம்பிப்போய், பழக்கதோசத்தில் தாங்க்யூ என்றார்.

ஏன் விட்டுவிட்டுப் போகிறார் என்று அப்பா கேட்டார். இப்போது தூக்கிக்கொண்டு இறங்கக் கஷ்டமாம், பிறகு வந்து எடுப்பாராம் என்றேன். ஒரு நிமிடத்துக்குள் இரண்டு பக்கமும் இரண்டு பொய். உத்தியோகத்தில் நான் அவ்வளவு தூரம் வளர்ந்திருந்தேன்.

அப்பா பொட்டலத்தைச் சூட்கேஸுக்குள், கேஸ் பேப்பர்களுக்கும் அம்மாவின் கடிதங்களுக்கும் அடியில் வைத்துக் கட்டிலுக்குக் கீழே தள்ளினார். நாலைந்து நாள் போனது. அங்கிள் வாசலில் அப்பாவைக் கண்டால் பெருவிரலை உயர்த்திக் காட்டுவார். அப்பாவும் மரியாதைக்குத் தன் பெருவிரலை அரைவாசி உயர்த்துவார். உள்ளே வந்ததும், மனுசன் ஏன் சாமானை எடுக்க வருகுதில்லை என்று என்னிடம் கேட்பார். நாலு மணித் தட்டல் இப்போது முன்பைவிடப் பலமாக விழுந்தது. சில நாள் நாலு தரம் தட்டினார். நானும் நாலு தரம் உதைத்தேன். மனதுக்குள் மட்டும் மாட்டிக்கொள்ளப் போகிற நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை அப்பா வேலையால் வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் சூட்கேஸைத் திறந்து பொட்டலத்தை எடுத்தார். வா பிள்ளை, குடுத்திட்டு வருவம் என்றார். நான் அழத் தொடங்கினேன். அங்கிளின் கதவடியில் நின்றுதான் உண்மையைச் சொன்னேன். நீங்கள் ஏலாது என்று சொன்னதை நான் அவரிடம் சொல்லவில்லை என்றேன். அப்பா கையை ஓங்கவில்லை. ஏன் என்று மட்டும் கேட்டார். அங்கிள் பிறகு என்னோடு பேசமாட்டார் என்றேன். அந்த மூன்று மணித்தியாலம் எனக்கு எப்படிப் போகிறது என்பதும் தட்டல் பற்றியும் அன்றுதான் அப்பாவுக்குத் தெரிந்தது. அவர் பொட்டலத்தைப் பிடித்தபடி நெடுநேரம் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தட்டினார்.

அங்கிள் கதவைத் திறந்தார்.

"இது என்னத்துக்கெண்டு கேள். இதை வைச்சு என்ன செய்யப் போறார் எண்டு கேள்" என்றார் அப்பா.

கேட்டேன். ஒன்றுக்கும் இல்லை, இனி அது ஒன்றும் செய்யாது, உள்ளே எல்லாம் அடைத்துவிட்டார்கள், ஒழுங்காகச் சாத்தினால் எனக்குப் போதும் என்று அங்கிள் சொன்னார். அதை நான் ஒரு சொல்கூடக் குறைக்காமல் சொன்னேன். பயத்தில் வந்த நேர்மை அது.

"ஒண்டுக்குமில்லையாம் அப்பா. இனி அது ஒண்டும் செய்யாதாம். அடைச்சுப் போட்டினமாம். சாத்தினாப் போதுமாம்."

"ஒண்டும் செய்யாதெண்டு வடிவாக் கேட்டனியோ?"

திரும்பக் கேட்டேன். அங்கிள் என்னைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்துத் தலையை இரண்டு பக்கமும் மெதுவாக ஆட்டினார். அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. அப்பா பொட்டலத்தைத் திரும்பக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு மாடி ஏறினார்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டின் வாசலையே செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். அங்கிளின் வீட்டுக்குள்ளும் அப்படி ஒரு கதவு இருக்கிறது, மனைவி இறந்த அறையாக இருக்கும், அதை அடைத்துவிட்டு அதற்கு ஒரு திறாங்கும் போட ஆசைப்படுகிறார் என்று நான் முடிவு செய்தேன். அடைத்த கதவுக்குத் திறாங்கு எதற்கு என்று அப்போது தோன்றத்தான் செய்தது. தனியாக இருக்கிறவர்கள் இப்படி ஏதாவது செய்வார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமைகளில் பட்டறை அரைநாள். என்னைப் பார்க்க ஆள் இல்லாததால் அப்பா கூட்டிக்கொண்டு போவார். தலைக்கு மேலே ரயில் ஓடும்போது சுவரில் தொங்கும் சங்கிலிகள் கிலுங்கும். வேலை முடிந்து மற்றவர்கள் போனபின் அப்பா பொட்டலத்தைப் பிரித்தார். கழிவுப் பெட்டிக்குள் கிண்டி ஒரு துண்டு உருக்குக் கம்பியைத் தெரிந்தெடுத்தார். அதன் ஒரு முனையைக் குண்டாக்க அவருக்கு ஒரு மணித்தியாலம் எடுத்தது. அராவுவார், விரலால் தடவிப் பார்ப்பார், திரும்ப அராவுவார். அடுப்பு நெருப்பில் சிவக்கக் காய்ச்சி வளைத்தார். முதலில் பின்னுக்கு, பிறகு கீழே. எந்த அளவுகோலும் வைக்கவில்லை. பார்த்துச் செய்வதற்கு ஒரு மாதிரியும் இருக்கவில்லை. ஒரு கதவுக் கைபிடிக்கு இவ்வளவு வளைவு எதற்கு என்று கேட்டேன். சுவரைப் பார் என்றார்.

ஒட்டத் தொடங்கும்போது எப்போதும் சொல்வதுதான். நான் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்க வேண்டும். அந்த வெளிச்சத்தை நேரே பார்த்தால் கண் போய்விடும். சுவரில் நீல வெளிச்சம் விட்டுவிட்டு அடித்தது. அதற்குள் அப்பாவின் நிழல் மிகப் பெரிதாகக் குனிந்து நின்றது. கொஞ்சம் ஒட்டுவார், நிறுத்துவார். சூடு மற்றப் பக்கம் ஏறி இரும்பு இளகிவிடக் கூடாது என்று திறாங்கின் உடம்பில் ஈரச்சாக்கைச் சுற்றியிருந்தார். அது சீறும். காத்திருந்து மறுபடி கொஞ்சம் ஒட்டுவார். கேற்றுக்கு இந்தக் கவனம் எல்லாம் கிடையாது.

கடைசியில் அராவித் துடைத்து இடது உள்ளங்கையில் வைத்தார். வலது கையால் அந்தக் குண்டைப் பிடித்து முன்னே தள்ளி, கீழே மடக்கி, மேலே தூக்கி, பின்னே இழுத்தார். ஒரு மூச்சில் நாலு அசைவு. கண் வேறு எங்கோ இருந்தது. கதவே இல்லாமல் வெறுங்காற்றில் அப்பா திறாங்கு போடுகிறார் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை என்பதால் நானும் அடக்கிக்கொண்டேன்.

பிற்பகல் அங்கிளிடம் கொண்டுபோனோம். அவர் எங்களை முன்னறையில் இருத்திவிட்டு உள்ளே போனார். அடைத்த கதவைக் காட்டக் கூப்பிடப் போகிறார் என்று நான் எழும்பி நின்றேன். அவர் திரும்பி வந்தபோது கையில் ஒரு துவக்கு இருந்தது. நீளமான பழைய இராணுவத் துவக்கு, பட்டாளத்துக்காரர் தோளில் கொண்டுபோகும் துப்பாக்கி. மரமெல்லாம் எண்ணெய் போட்டு மினுங்கியது. எங்கள் திறாங்கை அதன் பின்பக்கத்தில் செருகி, முன்னே தள்ளி, கீழே மடக்கினார். மெல்லிய ஒரு சத்தம். அது சாத்திக்கொண்டது.

ஆங்கிலத்தில் துவக்கின் அந்தத் துண்டுக்கும் போல்ட் என்றுதான் பெயர் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. நான் பிழையாகச் சொல்லிவிட்டேன், கேஸ் போய்விட்டது, இனி எங்களைப் பிளேனில் ஏற்றி அனுப்பப் போகிறார்கள் என்று அப்பாவைப் பார்த்தேன். அவர் முகத்தில் அதிர்ச்சியே இல்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு அந்தத் துவக்கையே பார்த்தபடி இருந்தார். முதலிலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அங்கிள் அதை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தார். பயப்படாதே, குழலை அடைத்துக் கொடுத்த துவக்கு, இனிச் சுடாது, சுவரில் மாட்டத்தான் என்று எனக்குச் சொன்னார். இளவயதில் ஐந்து வருடம் இதே மாதிரித் துவக்கோடு அலைந்தாராம். கூடப்போன சிநேகிதர்களில் பலர் திரும்பவில்லையாம். பேசப்பேச அவருடைய விரல்கள் அந்தக் குண்டைத் தடவிக்கொண்டே இருந்தன. பிறகு தலையை நிமிர்த்தி, நான் மாதிரி ஒன்றும் கொடுக்கவில்லையே, இந்த வளைவும் இந்தக் குண்டும் உன் அப்பாவுக்கு எப்படித் தெரிந்தது, முன்பும் இப்படி ஒன்று செய்திருக்கிறாரா என்று கேட்டார்.

அப்பாவுக்குச் சொன்னேன்.

"ஓம். ஒருக்கால்" என்றார். "எங்கட பொடியனுக்கு."

ஒருமுறை, எங்கள் வீட்டுப் பையனுக்குச் செய்தாராம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அங்கிள் முகம் மலர்ந்தது. ஓ, விளையாட்டுத் துவக்கா என்று கேட்டார்.

"என்னவாம்?"

"அண்ணாவுக்கு விளையாட்டுத் துவக்கோ செய்து குடுத்தனீங்கள் எண்டு கேக்கிறார்."

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு அங்கிளைப் பார்த்தார்.

"ஓம் எண்டு சொல்லு."

சொன்னேன். நல்ல அப்பா என்று அங்கிள் சொன்னார். அதையும் மொழிபெயர்த்தேன். அப்பா தாங்க்யூ என்றார்.

அம்மா லண்டனுக்கு வந்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. தனியாகத்தான் வந்தார். அண்ணாவைப் பற்றிய செய்தி உறுதியான பிறகு, இனி யாருக்கும் சமைத்து வைத்துக் காத்திருக்கத் தேவையில்லை என்றான பிறகே பிளேன் ஏறினார். அண்ணா படிக்கப் போகவில்லை. பொடியளோடு போனான். எங்கள் ஊரில் பொடியள் என்றால் பையன்கள் என்று மட்டும் அர்த்தமில்லை, இயக்கத்தில் சேர்ந்தவர்களுக்கும் அதுதான் பெயர். பதினேழு வயதில் ஒருநாள் மத்தியானம் அண்ணா ஒரு பழைய துவக்கைச் சாக்கில் சுற்றி அப்பாவின் கடைக்குக் கொண்டுவந்தானாம். நாலு பேருக்கு ஒரு துவக்கு, அதற்கும் இதே கைபிடி முறிந்திருந்ததாம். அப்பா ஏசினார், கெஞ்சினார், கடைக்கதவைச் சாத்திவிட்டு அழுதார். அவன் அசையவில்லை. நீங்கள் ஒட்டாவிட்டால் தெரிந்த மாதிரி நாங்களே ஒட்டிக்கொள்கிறோம் என்றானாம். ஒழுங்காக ஒட்டாவிட்டால் அது பிள்ளையின் முகத்திலேயே வெடிக்கும் என்று அப்பாவுக்குத் தெரியும். அதனால் தன்னால் முடிந்த அளவு வடிவாக, ஒரு குறையும் இல்லாமல் ஒட்டிக் கொடுத்தார். அண்ணா அதைத் தூக்கிக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போனான். அவ்வளவுதான். இதை அம்மா எனக்குச் சொன்னது சமையல் மூலையில், வெங்காயம் வெட்டிக்கொண்டு. அப்பா ஒருநாளும் சொல்லவில்லை.

ஆனால் அந்தச் சனிக்கிழமை எனக்கு இது ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், அண்ணாவுக்கு அப்பா ஒரு விளையாட்டுத் துவக்குச் செய்து கொடுத்திருக்கிறார், வளைவும் குண்டும் வைத்து, ஈரச்சாக்குச் சுற்றி, அவ்வளவு கவனமாக. அம்மாவையும் அவனே வைத்துக்கொண்டான், துவக்கும் அவனுக்குத்தான். எனக்கு இவர்கள் என்ன செய்து தந்தார்கள்? அன்று முழுக்க அப்பாவோடு நான் பேசவில்லை. அடுத்த நாள் புட்டு அவித்து முன்னால் வைத்தார், தின்னவில்லை. என்ன பிள்ளை என்று இரண்டு மூன்று தரம் கேட்டார். கடைசியில் அழுதுகொண்டு, எனக்கு மட்டும் ஒன்றும் செய்து தரவில்லை என்று கத்தினேன்.

அப்பா புட்டை மூடி வைத்தார்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை, பட்டறை வேலை முடிந்தபின் மறுபடி கழிவுப் பெட்டிக்குள் கிண்டினார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீல வெளிச்சம் அடித்தது. இந்த முறை அது எனக்கு என்று தெரிந்ததால் திரும்பிப் பார்க்காமல் நிற்பது கஷ்டமாக இருந்தது. வீட்டுக்கு வந்து அவர் பேப்பரைப் பிரித்தபோது உள்ளே ஒரு கதவுத் திறாங்கு இருந்தது. உண்மையான திறாங்கு. வழவழவென்று அராவி, கைபிடியில் அதேபோல ஒரு சின்னக் குண்டு வைத்து, என் உயரத்துக்குக் கை எட்டுகிற மாதிரி அறைக் கதவின் உள்பக்கத்தில் பிடித்துப் பார்த்து அடையாளம் போட்டார். இனிக் கதிரை முட்டுக்கொடுக்கத் தேவையில்லை என்றார்.

நான் அதைத் தொட்டும் பார்க்கவில்லை.

"அண்ணாவுக்குத் துவக்கு, எனக்குத் திறாங்கோ?"

அப்பா கடைசித் திருகாணியை முறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"ஓம்" என்றார். "போட்டுப் பார்."